கடையனுக்கும்: ரஸ்கின் நூலும் நெய்வேலித் தொழிலாளரும்

மத்தேயு எழுதிய நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் உள்ள திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமை நம் பிரசங்க பீடங்களில் அடிக்கடி ஒலிப்பது. விடியற்காலையில் வந்தவனுக்கும் பதினோராம் மணி வேளையில் வந்தவனுக்கும் ஒரே பணம் கூலியாக அளிக்கப்பட்டதைக் கடவுளின் கிருபைக்கு விளக்கமாக எடுத்துரைப்பது நெடுநாளைய மரபு. அம்மரபு தவறானதன்று. ஆயினும், அதே உவமையிலிருந்து தன் தலைப்பைப் பெற்றுக்கொண்டு, கூலியைக் கூலியாகவே வைத்துப் பேசிய நூல் ஒன்று உண்டு. ஆங்கிலேயக் கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் எழுதிய ‘அன்டு திஸ் லாஸ்ட்’ என்பதே அது. ‘கடையனுக்கும் கடைத்தேற்றம்’ எனத் தமிழில் வழங்கும் இச்சிறு நூலைக் காந்தியடிகளின் வாயிலாகவே நம்மவருள் பலர் அறிவர். நூலின் பெயரைப் பிரசங்கத்தில் எடுத்தாள்வோர் பலர். நூலுக்குள் புகுந்து அதனோடு வழக்காடுவோர் சிலரே.

இந்நூலை வடலூரில் இருந்துகொண்டு படிப்பதில் தனியொரு பயன் உண்டு. இராமலிங்க அடிகளார் 1867-ஆம் ஆண்டில் இங்கு நிறுவிய சத்திய தருமச்சாலையில், பசித்து வருவோர்க்குச் சாதியும் சமயமும் கேளாமல் இன்றும் உணவு பரிமாறப்படுகிறது. இங்கிருந்து சில கல் தொலைவில் நெய்வேலிச் சுரங்கத்தின் மண்மேடுகள் எழுந்து நிற்கின்றன. இவ்வூர்ச் சாலைவழியே சுரங்கத்திற்கும் அனல்மின் நிலையங்களுக்கும் செல்வோருள் நிரந்தரத் தொழிலாளரும் உளர். ஒப்பந்தத் தொழிலாளரும் உளர். இவ்வட்டாரத்து ஆலயங்களில் ஞாயிறுதோறும் இவ்விரு சாராரும் அருகருகே அமர்கின்றனர். ஆகவே ‘கடையன்’ என்னும் சொல் இங்குப் பெயரும் முகமும் உடையது. இச்சூழலில் ரஸ்கின் நூல் எவ்வளவு தூரம் நமக்கு வழிகாட்டும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்பதை ஆராய முற்படுகிறோம்.

நூலின் வலிமை

1860-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நவம்பர் வரை ‘கார்ன்ஹில்’ என்னும் இலண்டன் இதழில் நான்கு கட்டுரைகளாக இது வெளிவந்தது. அவ்விதழின் ஆசிரியர் புகழ்பெற்ற நாவலாசிரியர் தாக்கரே. வாசகரின் எதிர்ப்பு மிகுந்தமையால் நான்காம் கட்டுரையோடு தொடர் நிறுத்தப்பட்டது. 1862-இல் நூலாயிற்று.

அக்காலப் பொருளியலார் மனிதனை இலாப ஆசையால் மட்டும் இயங்கும் பொறியாகக் கொண்டு விதிகளை வகுத்தனர். மனிதருக்கு எலும்பே இல்லை எனக் கொண்டு உடற்பயிற்சி நூல் எழுதுவதற்கு அதனை ரஸ்கின் ஒப்பிடுகிறார். அன்பு, நம்பிக்கை, நேர்மை ஆகியவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் கணக்கே பிழையாகும் என்பது அவர் வாதம். கூலியைப் பற்றி அவர் கூறுவது மிகத் தெளிவானது. ஒரு வேலைக்கு ஒரு கூலி நிலையாக இருத்தல் வேண்டும். ஆள் மிகுந்தபோது கூலியைக் குறைத்தும், ஆள் குறைந்தபோது கூட்டியும் ஏலம் நடத்துதல் கூடாது. பேராயர் ஒருவர் மறைந்தால், மிகக் குறைந்த தொகைக்கு ஒப்பந்தம் கேட்கும் குருவானவருக்கு அத்திருமண்டலத்தை எவரேனும் ஒப்படைப்பதுண்டோ என்று எள்ளலுடன் வினவுகிறார். திருப்பணியில் ஒவ்வாதது சுரங்கத்தில் மட்டும் எவ்வாறு ஒவ்வும் என்னும் அவ்வினா நம்மை நோக்கியே எழுந்ததுபோல் உள்ளது.

போர்வீரர், மருத்துவர், வழக்கறிஞர், ஆயர் ஆகியோருக்கு உயிரைக் கொடுத்தும் காக்கவேண்டிய கடமை ஒன்று இருப்பதுபோல் வணிகருக்கும் தொழில் நடத்துவோருக்கும் உண்டென்பது நூலின் மற்றொரு கருத்து. பஞ்சம் நேர்கையில் மாலுமிகளோடு கடைசி ரொட்டித் துண்டைப் பகிர்ந்துகொள்ளும் தலைவனைப்போல, நெருக்கடிக் காலத்தில் தொழிலாளரைவிட மிகுதியான துன்பத்தைத் தாமே ஏற்பது முதலாளியின் கடன் என்கிறார்.

1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குச் சென்ற இரயில் பயணத்தில் காந்தியடிகள் இதனைப் படித்தார். அவரது ஃபீனிக்ஸ் குடியிருப்பு அதன் விளைவு. 1908-இல் ‘சர்வோதயம்’ என்னும் பெயரில் குஜராத்தியில் இதன் சாரத்தைத் தந்தார். 1918-இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டத்திலும், 1920-இல் அங்கு உருவான ‘மஜூர் மகாஜன்’ சங்கத்திலும் முதலாளியைப் பகைவனாகக் கருதாத ஒரு வழியை அவர் நாடியதில் இந்நூலின் சாயலைக் காணலாம். ஆயினும் ரஸ்கினிடம் இல்லாத ஒன்றைக் காந்தியடிகள் சேர்த்துக்கொண்டார்: தொழிலாளர் கூடி நின்று வேலையை நிறுத்தும் உரிமையை அவர் ஏற்றார். அச்சேர்க்கை ஏன் வேண்டியதாயிற்று என்பதை அடுத்துக் காண்போம்.

தலைவனின் அன்பு போதுமா?

நூலின் முதற்கட்டுரை, அண்மையில் நிகழ்ந்த தொழிலாளர் வேலைநிறுத்தங்களைச் சுட்டித் தொடங்குகிறது. 1859-இல் இலண்டன் கட்டடத் தொழிலாளர் ஒன்பது மணி நேர வேலைநாள் கேட்டுப் போராடிய காலம் அது. பொருளியலாரிடம் அந்நெருக்கடிக்கு விடையில்லை என்று ரஸ்கின் சரியாகவே குறித்தார். ஆனால் வேலைநிறுத்தத்தோடு தொடங்கிய நூலில், அதன்பின் தொழிலாளரின் குரல் கேட்பதில்லை. முதலாளி தந்தையாகவும் கப்பல் தலைவனாகவும் வருகிறார். தொழிலாளர் பிள்ளையாகவும் மாலுமியாகவும் வருகின்றனர். தந்தை அன்புடையவராயின் நன்று. அவர் அன்பு தவறின் பிள்ளை என்செய்வது என்னும் வினாவுக்கு நூலில் இடமில்லை. இதுவே இந்நூலின் முதற்குறை எனக் கருதுகிறோம்.

அமெரிக்க நாட்டின் தொழில்வளர்ச்சிக் காலம் இக்குறையைச் சோதித்துக் காட்டியது. இரயில் பெட்டிகள் செய்த ஜார்ஜ் புல்மன் 1880-ஆம் ஆண்டில் சிக்காகோவின் தெற்கே தம் தொழிலாளருக்கென ஒரு நகரத்தைக் கட்டத் தொடங்கினார். செங்கல் வீடுகள், குழாய்நீர், நூல்நிலையம், பூங்கா யாவும் அங்கு உண்டு. அழகிய ஆலயமும் உண்டு; அதற்கும் வாடகை குறிக்கப்பட்டிருந்தது. ஒரு வீட்டையும் தொழிலாளர் விலைக்கு வாங்க இயலாது. 1893-இல் வாணிப வீழ்ச்சி வந்ததும் கூலி குறைக்கப்பட்டது. வீட்டு வாடகையோ குறைக்கப்படவில்லை. 1894 மே மாதம் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். யூஜின் டெப்ஸ் தலைமையில் இயங்கிய அமெரிக்க இரயில்வே சங்கம் புல்மன் பெட்டிகளை இழுக்க மறுத்து அவர்களோடு நின்றது. மத்திய அரசு படையை அனுப்பியது; டெப்ஸ் சிறை சென்றார்; போராட்டம் முறிந்தது. 1898-இல் இல்லினாய் மாநில உச்சநீதிமன்றம், தொழிலுக்கு வேண்டாத உடைமைகளை நிறுவனம் விற்றுவிடவேண்டும் எனத் தீர்த்தபோது, ‘தந்தை’ கட்டிய நகரமும் கலைந்தது.

அந்நகரின் மெதடிஸ்டு போதகர் வில்லியம் கார்வர்டைன் அவர்களை இறையியல் மாணவர் அறிந்துகொள்ளுதல் நலம். சபையாரின் சம்பளத்தையும் அவர்கள் செலுத்திய வாடகையையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, போராட்டம் நடக்கும்போதே பீடத்திலிருந்து பேசினார். அதே 1894-இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். ரஸ்கின் ஆயருக்கு வகுத்த கடமையை, பொய்யைப் போதிக்க மறுக்கும் கடமையை, அவர் நிறைவேற்றினார் எனலாம். ஆனால் அதற்கு அவர் முதலாளியின் இதயத்தைத் தட்டியது மட்டும் போதவில்லை. கூடி நின்ற தொழிலாளரின் பக்கம் சேரவேண்டியிருந்தது. அமெரிக்க மெதடிஸ்டு எபிஸ்கோபல் திருச்சபை தன் சமுதாயக் கொள்கை அறிக்கையை வெளியிட்டுத் தொழிலாளருக்கு வாழ்வூதியம் கோரியது 1908-இல்தான். போதகர் ஒருவர் கண்டதைத் திருச்சபை ஏற்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

அரசே தோட்டக்காரராகும்போது

தனி முதலாளி தவறினால் அரசு அவ்விடத்தை ஏற்கலாமன்றோ எனக் கேட்கலாம். ரஸ்கின் தம் முன்னுரையில் அதனையே முன்மொழிகிறார். அரசு தொழிற்பயிற்சிப் பள்ளிகளும் ஆலைகளும் நிறுவவேண்டும். வேலையற்றோருக்கு நிலையான கூலியில் வேலை தரவேண்டும். முதியோரையும் வறியோரையும் காக்கவேண்டும் என்பன அவர் திட்டங்கள். அவர் 1862-இல் எழுதியதன் வடிவம் ஒன்று சற்றேறக்குறைய நூறாண்டுகளுக்குப் பின் நம் தென்னார்க்காட்டு மண்ணில் எழுந்தது.

ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டமை நெய்வேலி வரலாற்றின் தொடக்கம். 1956 நவம்பரில் நிலக்கரிக் கழகம் அரசு நிறுவனமாகப் பதிவு பெற்றது. 1957 மே மாதம் நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் கரி வெட்டப்பட்டது. சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையம் 1962-இல் இயங்கலாயிற்று. மரநிழல் மிக்க வட்டங்களாக நகரியம் அமைந்தது. வீடு, பள்ளி, மருத்துவமனை, நிலையான ஊதியம், ஓய்வுக்காலப் பாதுகாப்பு ஆகியவை உழவர் குடும்பத்து மக்களையும் எட்டின. இந்நன்மைகளை நாம் குறைத்துப் பேசுதல் தகாது. இவற்றுள் பல, தொழிற்சங்கங்கள் பேசியும் போராடியும் பெற்றவை என்பதையும் மறத்தல் தகாது.

ஆயினும் அதே வாயிலில் வேறொரு வரிசையும் உருவாயிற்று. மண் அகற்றுதல், கரி கையாளுதல், கொதிகலன் பராமரிப்பு, துப்புரவு எனப் பல பணிகளில் ஆயிரக்கணக்கானோர் ஒப்பந்தக்காரர்களின் ஆட்களாக உழைத்து வருகின்றனர். ஒப்பந்தக்காரர் மாறுவர்; தொழிலாளரும் வேலையும் மாறுவதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் இவ்வாறு உழைத்தோரும் உளர். இத்தகைய முறையை ஒழுங்குபடுத்தவும், இடையறாது நடைபெறும் பணிகளில் அரசு அறிவிக்கை வாயிலாக ஒழிக்கவும் 1970-இல் மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அவ்வாறு ஒழிக்கப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே நிரந்தரம் பெற்றுவிடார் என 2001-இல் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இதனால் நிரந்தரம் என்பது சட்டத்தால் வருவது என்னும் நிலை குன்றி, போராடிப் பெறுவது என்னும் நிலை மிகுந்தது. 2012-இல் நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் நாற்பது நாள்களுக்கு மேல் நீடித்தது. 2014 மார்ச் 17 அன்று இரண்டாம் சுரங்கத்தருகே ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைவீரரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2023-இலும் நிரந்தரம் கேட்டு நெடிய வேலைநிறுத்தம் நடைபெற்றது.

ரஸ்கினின் அளவுகோலால் அளந்தால் இங்கு அரசு தவறியுள்ளது. ஒரு வேலைக்கு ஒரு கூலி என்பது அவர் விதி. இங்கோ ஒரே தூசியில் நிற்கும் இருவருக்கு இருவகைக் கூலி. 2020 சூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஐந்தாம் அலகில் கொதிகலன் வெடித்தபோது ஆறு பேர் அங்கேயே மாண்டனர். பின்னர் மருத்துவமனையிலும் பலர் உயிர்நீத்தனர். மாண்டோருள் நிரந்தரப் பணியாளரும் இருந்தனர். ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தனர். ஊதியப் பட்டியலில் உள்ள வேறுபாட்டை நெருப்பு மதிக்கவில்லை.

முறுமுறுத்தவர் யார்?

இனி, நூலின் இரண்டாம் குறைக்கு வருகிறோம். நம் கருத்தில் இது முதற்குறையினும் ஆழமானது. ரஸ்கின் உவமையின் சொற்களைத் தலைப்பிலும் முகப்பு வாசகத்திலும் வைத்தாரேயன்றி, உவமையை நூலில் விரித்து விளக்கவில்லை. முகப்பில் வைத்ததும் தோட்டக்காரரின் மறுமொழியை மட்டுமே. அம்மறுமொழிக்குக் காரணமான முறுமுறுப்பு அங்கு இல்லை. உவமையில் கடையனை எதிர்ப்பவர் யார் என்பதைச் சற்றே கவனிப்போம். தோட்டக்காரர் எதிர்க்கவில்லை. அவருடைய காரியக்காரனும் எதிர்க்கவில்லை. பகலின் பாரத்தையும் வெயிலையும் சகித்த உடன் தொழிலாளரே எதிர்க்கின்றனர். தமக்குக் கூலி குறைந்ததென்பது அவர்களது முறையீடன்று. கடையரைத் தம்மோடு சமமாக்கியதே அவர்களது முறையீடு. உழைப்பாளருக்குள் எழும் இப்பிளவை ரஸ்கின் காணவில்லை.

சங்க வரலாறு இப்பிளவைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. அமெரிக்காவில் 1869-இல் தோன்றிய ‘நைட்ஸ் ஆஃப் லேபர்’ அமைப்பு, பயிற்சியற்ற தொழிலாளரையும் பெண்களையும் கறுப்பினத்தவரையும் சேர்த்துக்கொண்டது, சீனரையோ புறக்கணித்தது. 1886-இல் தோன்றிய அமெரிக்கத் தொழிற்சம்மேளனம் பெரும்பாலும் கைத்திறன் பெற்றோரின் சங்கங்களால் ஆனது. முன்னர்க் கூறிய இரயில்வே சங்கம், புல்மன் தொழிலாளருக்குத் துணைநின்ற அதே 1894 சூன் மாத மாநாட்டில், டெப்ஸின் விருப்பத்திற்கு மாறாக, வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் எனச் சிறு பெரும்பான்மையால் முடிவு செய்தது. புல்மன் பெட்டிகளில் பணிபுரிந்த கறுப்பினத்தார் 1925-இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தமக்கெனத் தனிச்சங்கம் காண நேர்ந்தது. அவர்கள் அந்நிறுவனத்தோடு உடன்படிக்கை பெற்றது 1937-இல். முன்னவர் மூடிய கதவைப் பின்னவர் நாற்பத்து மூன்று ஆண்டுகள் தட்டவேண்டியிருந்தது.

நம் நாட்டு வரலாறும் இதற்கு விலக்கன்று. 1918 ஏப்ரல் 27 அன்று பி. பி. வாடியா தலைமையில் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம், செல்வபதி செட்டியார், இராமாநுசலு நாயுடு, திரு. வி. கலியாணசுந்தரனார் ஆகியோரின் உழைப்பால் வளர்ந்தது. திரு. வி. க. வெஸ்லி பள்ளியில் பயின்றவர். வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தவர். வடலூர் அடிகளாரின் சமரச நெறியிலும் தோய்ந்தவர். இத்தகையோர் வழிநடத்திய சங்கமே 1921-இல் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைப் போராட்டத்தில் சாதியால் பிளவுண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. புளியந்தோப்பில் கலகம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது, இறுதியில் போராட்டம் தோற்றது. நிருவாகமும் அரசும் பிளவைப் பயன்படுத்திக்கொண்டன என்பது உண்மை. ஆயினும் சேரிக்கும் தெருவுக்கும் இடையே நெடுங்காலமாக இருந்த பிளவை ஆலை நிருவாகம் படைக்கவில்லை.

நெய்வேலியில் இன்றைய பிளவு ஊதியப் பட்டியலில் இருக்கிறது. பேச்சுவார்த்தை உரிமையை நிர்ணயிக்கும் அங்கீகாரத் தேர்தலில் வாக்களிப்போர் நிரந்தரத் தொழிலாளரே. ஒப்பந்தத் தொழிலாளருக்குத் தனிச்சங்கங்கள் உண்டு. அவர்களுக்கு ஆதரவாக நிரந்தரத் தொழிலாளர் சங்கங்கள் குரல் கொடுத்ததும் உண்டு. எனினும் ஒப்பந்தத் தொழிலாளர் வாரக்கணக்கில் வாயிலில் அமர்ந்திருக்கையில், உள்ளே மின் உற்பத்தி தடையின்றி நடைபெறுமாயின், அது யாருடைய கைகளால் நடைபெறுகிறது என்னும் வினா எழுகிறது. அவ்வினாவை எழுப்பும் சங்கமே உவமையைச் சரியாகப் படித்த சங்கம்.

பிரசங்க பீடத்திற்கு

உவமையைக் கூலிச் சட்டமாக மாற்றிவிடலாம் என்று நாம் கூறவில்லை. அதனைச் சட்டமாக்கினால் வேறோர் இடர் நேரும். தனக்குச் சொந்தமானதைத் தன் விருப்பப்படி செய்யத் தனக்கு அதிகாரமில்லையோ என்னும் கருத்துப்படத் தோட்டக்காரர் பேசுகிறார். ஆட்குறைப்புச் செய்யும் எந்த முதலாளியும் அச்சொல்லைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஆனால் உவமையில் தோட்டக்காரராகச் சுட்டப்படுபவர் கடவுள். லேவியராகமம் இருபத்தைந்தாம் அதிகாரத்தின்படி நிலம் அவருடையது. எந்த நிறுவனமும் அரசும் அவ்விடத்தில் அமர இயலாது. நெய்வேலியில் இது மேலும் தெளிவு. சுரங்கம் இன்று நிற்கும் நிலம் நேற்றுவரை முந்திரியும் நெல்லும் விளைந்த ஊர்களின் நிலம். 2023 சூலையில் வளையமாதேவியில், கால்வாய் வெட்டுவதற்காக வளர்ந்துநின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதை நாடே கண்டது. நிலத்தைக் கொடுத்தவரின் பிள்ளை அதே நிலத்தில் ஒப்பந்தக் கூலியாக நிற்கும்போது, சொந்தம் என்னும் சொல்லை யார் யாரிடம் கூறுவது?

தருமச்சாலையின் அடுப்பும் ஈண்டு நமக்கு ஒன்று கற்பிக்கிறது. பந்தியில் முன்வந்தவர், பின்வந்தவர் என்னும் கணக்கில்லை. இலை ஒன்றே, சோறு ஒன்றே. உவமையின் சமத்துவத்திற்கு இதனினும் நெருங்கிய காட்சியை இவ்வட்டாரத்தில் காண்பது அரிது. ஆனால் அன்னம் வேறு, கூலி வேறு. அன்னத்தைப் பசித்தவர் அருளாகப் பெறுகிறார். கூலியை உழைத்தவர் உரிமையாகப் பெறுகிறார். கூலியாகத் தரவேண்டியதைத் தருமமாகத் தந்துவிட்டு நிறைவுகொள்ளும் போக்கைத் திருச்சபையும் ஆதரித்தல் ஆகாது. வேலைநிறுத்தக் காலத்தில் அரிசி வழங்குவது நற்செயலே. அதனோடு கடமை முடிந்துவிடுவதில்லை.

எனவே இவ்வட்டாரத்திலும் இதுபோன்ற தொழில்நகரங்களிலும் திருப்பணி ஆற்றுவோர் ரஸ்கின் நூலைப் படிக்கவேண்டும். ஆனால் அதன் குறைகளையும் அறிந்து படிக்கவேண்டும். ஏலமுறைக் கூலியை அவர் கண்டித்ததை நாம் முழுமனத்துடன் ஏற்கலாம். தலைவனின் நல்லெண்ணத்தில் யாவற்றையும் ஒப்படைத்ததை ஏற்க இயலாது. உழைப்பாளருக்குள் உள்ள முறுமுறுப்பை அவர் காணாது விட்டதை நாம் காணாது விடலாகாது. ஆலயத்தில் அமர்ந்திருக்கும் நிரந்தரத் தொழிலாளர் இவ்வுவமையைக் கேட்கும்போது தம்மை எவ்வரிசையில் வைத்துக் கேட்கிறார்? பெரும்பாலும் பதினோராம் மணியில் கிருபை பெற்றவர் வரிசையில். பீடமும் அவ்வாறே அவருக்குச் சொல்லி வந்திருக்கிறது. அவர் விடியற்காலையில் அமர்த்தப்பட்டவர் என்பதையும், ஒருவரும் தம்மை வேலைக்கு அமர்த்தவில்லை என்று மாலைவரை கடைவீதியில் நின்றவர் அதே ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்பதையும் எடுத்துக்கூறுவது எளிதன்று. காணிக்கையும் சபைச் செல்வாக்கும் எவ்வரிசையிலிருந்து மிகுதியாக வருகின்றன என்பதை ஒவ்வொரு போதகரும் அறிவார்.

கார்வர்டைன் தம் சபையாரின் சம்பளச் சீட்டையும் வாடகைச் சீட்டையும் கேட்டுப் படித்த பிறகே பீடத்தில் ஏறினார். நம் போதகரும் இறையியல் மாணவரும் அடுத்தமுறை மத்தேயு இருபதாம் அதிகாரத்தைப் பிரசங்கிக்குமுன், தம் சபையிலுள்ள நிரந்தரத் தொழிலாளர் ஒருவரின் ஊதியச் சீட்டையும் ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவரின் ஊதியச் சீட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்களாக. உவமைக்கு வேண்டிய விளக்கவுரையில் ஒரு பகுதி அவ்விரு சீட்டுகளிலும் எழுதப்பட்டிருப்பதைக் காண்பார்கள்.